நடுகல்: போரில் பட்ட இளைஞனின் பெயரைக் காத்த மரபு

போரில் இறந்த வீரனின் பெயரையும் செயலையும் கல்லில் பொறித்து, அந்தக் கல்லை நட்டு வழிபடும் வழக்கம் தமிழகத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வந்திருக்கிறது. அவ்வாறு நடப்பட்ட கல் நடுகல் எனப்பட்டது. வீரக்கல், நினைவுக்கல் என்ற பெயர்களும் வழக்கில் உண்டு. கன்னட நாட்டில் இது வீரகல்லு, மராட்டியத்தில் வீர்கள், குஜராத்தில் பாளியா. இந்தியாவின் பல பகுதிகளுக்கும் பொதுவான இந்த வழக்கத்துக்கு இலக்கியச் சான்றும் கல்வெட்டுச் சான்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அளவுக்குக் கிடைத்திருப்பது தமிழகத்தில்தான்.

தமிழகத்தின் பழைய எழுத்து ஆவணங்களில் நடுகல்லுக்குத் தனி இடம் உண்டு. செப்பேடுகள் அரச குலத்தின் பெருமையை விரிக்கின்றன. கோயில் கல்வெட்டுகள் நிலம், பொன், விளக்கு, ஆடு முதலான கொடைகளைப் பதிவு செய்கின்றன. நடுகல்லோ மாடு மீட்கப் போய் அம்பு தைத்து விழுந்த ஓர் ஊர் இளைஞனுக்காக எழுதப்பட்டது. அதில் அரசனின் பெயர் காலத்தைக் குறிக்க மட்டுமே வருகிறது. கல்லுக்கு உரியவன் அந்த இளைஞன். எளிய மனிதனின் பெயரை, அவன் ஊரோடும் சாவோடும் சேர்த்துக் காத்துத் தந்த மரபு இது.

ஆநிரைப் போர்

நடுகற்களில் பெரும்பாலானவை கால்நடைப் பூசலில் இறந்தவர்களுக்கு உரியவை. பழந்தமிழர் போர் இலக்கணத்தில் பகைவரின் ஆநிரையைக் கவர்தல் வெட்சி; கவர்ந்த நிரையை மீட்டல் கரந்தை. தொல்காப்பியம் கரந்தையைத் தனித் திணையாக்காமல் வெட்சிக்குள் அடக்கும்; புறப்பொருள் வெண்பாமாலை இரண்டையும் தனித்தனிப் படலங்களாக வைக்கும். எந்த வகுப்பைக் கொண்டாலும் போரின் தொடக்கம் மாட்டு மந்தையில்தான்.

இதற்கு அன்றைய வாழ்க்கையே காரணம். ஆற்றுப் பாசனம் இல்லாத மேட்டு நிலங்களிலும் காட்டை ஒட்டிய முல்லை நிலங்களிலும் கால்நடையே செல்வம். பாலும் நெய்யும் அதிலிருந்து வந்தன. உழவும் வண்டியும் அதை நம்பி இருந்தன. நிலத்தைப் பகைவன் தூக்கிச் செல்ல முடியாது. மந்தையை ஓரிரவில் ஓட்டிச் செல்லலாம். மந்தை போனால் ஊரின் பிழைப்பு போயிற்று. ஆகவே மந்தை கவரப்பட்ட செய்தி கேட்டதும் கையில் கிடைத்த வில்லையும் வாளையும் எடுத்துக்கொண்டு ஊரின் இளைஞர்கள் பின்தொடர்ந்தார்கள். மீட்டவர்களில் சிலர் திரும்பவில்லை. அவர்களுக்கு ஊர் கல் எடுத்தது.

போருக்குச் சென்றவர்களின் இளமையைச் சங்கப் பாடல்கள் தெளிவாகவே காட்டுகின்றன. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்றின் 279ஆம் பாடலில் ஒரு தாய் வருகிறாள். அவளுடைய தந்தை முன்னொரு போரில் யானையை வீழ்த்தித் தானும் வீழ்ந்தான். கணவன் அதை அடுத்த நிரைப் பூசலில் இறந்தான். மீண்டும் போர்ப்பறை கேட்கிறது. வீட்டில் எஞ்சியிருப்பவன் ஒரே மகன், இன்னும் சிறுவன். அவனுடைய குடுமிக்கு எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேல் கொடுத்து அனுப்பி வைக்கிறாள். தாத்தா, தந்தை, மகன் என மூன்று தலைமுறையை ஒரு வீடு போருக்குக் கொடுத்த கதை சில அடிகளில் சொல்லப்படுகிறது. நடுகற்களின் பின்னால் இத்தகைய வீடுகள் இருந்தன.

கல் நடும் முறை

நடுகல் எடுக்கும் சடங்கைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு படிகளாக வகுக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதை எடுத்து வேலையைத் தொடங்குவது கால்கோள். கல்லை நீரில் இட்டுத் தூய்மை செய்வது நீர்ப்படை. பிறகு வீரனின் பெயரும் புகழும் பொறித்த கல் நடப்படுகிறது. பெரும்படை என்பதற்குப் படையல் இடுதல், கோயில் எடுத்தல் என இருவகைப் பொருளும் கொள்ளப்படுகிறது. கடைசியில் வீரனைத் தெய்வமாக வாழ்த்துகிறார்கள். புறப்பொருள் வெண்பாமாலையின் பொதுவியற் படலமும் கற்காண்டல், கற்கோள் நிலை, கல் நீர்ப்படுத்தல், கல் நடுதல் என இதே வரிசையைச் சிறு மாற்றங்களோடு சொல்கிறது.

இந்த வரிசை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்குச் சிலப்பதிகாரம் சான்று. வஞ்சிக் காண்டத்தின் காதைகளில் பல காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என்றே பெயர் பெற்றிருக்கின்றன. போர் வீரனுக்கு உரிய சடங்கைப் படி மாறாமல் ஒரு வணிகக் குலப் பெண்ணுக்குச் செய்து, அவளைத் தெய்வமாக்குகிறது அந்தக் காப்பியம். இமயத்தில் எடுத்த கல்லைக் கங்கையில் நீர்ப்படுத்திச் சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுக்கிறான். ஊர்ப்புறத்தில் மாடு மேய்ப்பவர்கள் தங்கள் தோழனுக்குச் செய்த சடங்கு பேரரசன் செய்யும் சடங்குக்கு அடிப்படையாக அமைந்தது.

சங்கப் பாடல்களில் நடுகல்

எட்டுத்தொகை, பத்துப்பாட்டு நூல்களில் நடுகல் பற்றிய குறிப்புகள் ஏராளம். மயிற்பீலி சூட்டுவது, பூமாலை அணிவிப்பது, நீராட்டுவது, நெய் விளக்கேற்றுவது, கள் படைப்பது, நாள்தோறும் பலி இடுவது எனப் பல செயல்கள் சொல்லப்படுகின்றன. உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடிய 264ஆம் புறப்பாட்டில் பரல் நிறைந்த மேட்டு நிலத்தில் கற்குவியலுக்கு அருகே சிவந்த பூங்கண்ணியும் மயிற்பீலியும் சூட்டி, பெயர் பொறித்துக் கல் நடப்படுகிறது. வடமோதங்கிழார் பாடிய 260ஆம் பாட்டில் கல்லுக்கு மேலே துணிப் பந்தல் இருக்கிறது. 265ஆம் பாட்டில் மாடு மேய்க்கும் கோவலர்கள் வேங்கைப் பூவைப் பனங்குருத்தில் தொடுத்து நடுகல்லுக்குச் சூட்டுகிறார்கள். எந்த மந்தைக்காக அவன் இறந்தானோ அதை மேய்ப்பவர்களே அவனுக்கு மாலை கட்டினார்கள்.

ஔவையார் அதியமானின் நடுகல்லைப் பாடியது புறநானூற்றின் 232ஆம் பாட்டு. பீலி சூட்டிய கல்லின் முன் சிறு கலத்தில் கள்ளை வடித்து வைக்கிறார்கள். நாடு முழுவதையும் கொடுத்தாலும் கொள்ளாதவன் இதை ஏற்பானா என்று புலவர் கலங்குகிறார். வீரன் மறைந்தபின் அவனுடைய வீடு அடைந்த நிலையை 261ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார் சொல்கிறார்: வருவோர்க்கெல்லாம் சோறளித்த பெரிய மனை, அணிகளைக் களைந்த கைம்பெண்ணைப் போலப் பொலிவிழந்து கிடக்கிறது. மாங்குடி கிழாரின் 335ஆம் பாட்டு, பகைவரைத் தடுத்து நின்று வீழ்ந்தவனின் கல்லைத் தவிர நெல் தூவி வணங்கத்தக்க கடவுள் வேறில்லை என்று துணிந்து சொல்கிறது. அள்ளூர் நன்முல்லையாரின் 306ஆம் பாட்டில் சிற்றூர்ப் பெண்ணொருத்தி நாள் தவறாமல் நடுகல்லைத் தொழுது, விருந்தினர் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாள்.

வழிப்போக்கர்களுக்கும் நடுகல்லோடு தொடர்பு இருந்தது. கிளை வழிகளில் நிற்கும் நடுகற்களை யாழ் மீட்டி வணங்கிச் செல்லுமாறு மலைபடுகடாம் கூத்தர்களுக்குச் சொல்கிறது. அகநானூற்றில் மதுரை மருதன் இளநாகனாரின் பாடல்கள் இன்னும் நுட்பமான செய்தியைத் தருகின்றன. பாலை வழியில் நிற்கும் நடுகல்லில் மறவர்கள் அம்பைத் தீட்டியதால் எழுத்துகள் தேய்ந்து, வழிச்செல்வோரால் முழுதாக வாசிக்க முடியவில்லை என்கிறது ஒரு பாட்டு. விளிம்பு மறைந்த எழுத்துகள் படிப்பவருக்கு வேறு பொருள் தருகின்றன என்கிறது மற்றொன்று. கல்லில் எழுத்து இருந்தது, அதை வழிப்போக்கர்கள் நின்று படிக்க முயன்றார்கள், காலப்போக்கில் எழுத்து அழியவும் செய்தது என்ற மூன்றும் இந்தப் பாடல்களால் தெரிகின்றன.

புலிமான்கோம்பைக் கல்வெட்டுகள்

இலக்கியம் இவ்வளவு தெளிவாகச் சொன்னபோதும், சங்க காலத்து எழுத்துடைய நடுகல் ஒன்றுகூட நெடுநாள் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் பழையவை கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. ஆகவே பெயர் பொறித்தல் பற்றிய சங்கக் குறிப்புகளை எந்த அளவுக்கு நேரடிச் சான்றாகக் கொள்ளலாம் என்ற கேள்வி இருந்துவந்தது.

2006இல் இதற்கு விடை கிடைத்தது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் வைகை ஆற்றங்கரையில் உள்ள புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கா. ராஜன் தலைமையிலான குழுவினர் தமிழ் பிராமி எழுத்துடைய மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் ஒன்றின் வாசகம்: ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’. கூடலூரில் நடந்த ஆகோள், அதாவது ஆநிரை கவரும் பூசலில் இறந்த, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்பது இதன் பொருள். தொல்காப்பியம் வெட்சித் துறைகளில் ஒன்றாகக் கூறும் ஆகோள் என்ற சொல் அப்படியே கல்லில் இருந்தது. எழுத்தமைதியைக் கொண்டு இக்கற்களைக் கி.மு. 3 அல்லது 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

இக்கற்களில் உருவம் இல்லை, அரசன் பெயர் இல்லை, ஆண்டுக் கணக்கு இல்லை. பெயரும் ஊரும், மேற்சொன்ன கல்லில் சாவின் காரணமுமே உள்ளன. எழுத்து அறிமுகமான தொடக்க நூற்றாண்டுகளிலேயே ஒரு சிற்றூரின் மக்கள் தங்களில் ஒருவனுக்காக அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது தமிழ்ச் சமூக வரலாற்றில் பெருமதிப்புள்ள செய்தி. பின்னர் திண்டுக்கல் மாவட்டம் தாதப்பட்டியிலும் புதுக்கோட்டையை அடுத்த பொற்பனைக்கோட்டையிலும் தமிழ் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கிடைத்தன.

நடுகல்லின் வேர் எழுத்துக்கும் முந்தையது. இரும்புக் கால ஈமக்காடுகளில் இறந்தோருக்காக நட்ட நெடுங்கற்கள் கொங்கு நாட்டிலும் பிற பகுதிகளிலும் இன்றும் நிற்கின்றன. திருப்பூர் மாவட்டம் குமரிக்கல்பாளையத்தில் உள்ள நெடுங்கல் அவற்றில் பெயர்பெற்றது. சங்க இலக்கியத்தில் பதுக்கை எனப்படும் கற்குவையும் நடுகல்லும் அருகருகே பேசப்படுகின்றன. எழுத்தில்லா நெடுங்கல்லிலிருந்து எழுத்துடைய நடுகல் வளர்ந்தது என்ற கருத்தை இவை வலுப்படுத்துகின்றன.

செங்கம், தருமபுரிப் பகுதிகள்

எழுத்தும் உருவமும் சேர்ந்த நடுகற்கள் மிகுதியாகக் கிடைப்பது திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்திலும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும். இரா. நாகசாமியை இயக்குநராகக் கொண்ட தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை இப்பகுதிகளில் ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்தது. அதன் பயனாக 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தொகுதி வெளிவந்தது. பல்லவ அரசர்களான சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் ஆகியோரின் ஆட்சியாண்டு குறித்த கற்கள் அதில் இடம்பெற்றன. காஞ்சியின் அரண்மனை வரலாறாக மட்டும் அறியப்பட்டிருந்த பல்லவர் காலத்துக்கு ஊர்ப்புற வரலாறு ஒன்று இதனால் கிடைத்தது.

நிலவியலும் அரசியலும் இப்பகுதியில் நடுகற்கள் மலிந்ததற்குக் காரணங்கள். மேற்கே உள்ள மேட்டு நிலத்திலிருந்து கிழக்குச் சமவெளிக்கு இறங்கும் கணவாய் வழி செங்கத்தின் வழியே செல்கிறது. சவ்வாது மலையை ஒட்டிய மேய்ச்சல் நிலங்கள் இங்கே விரிந்திருந்தன. பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர் ஆகியோரின் செல்வாக்கு எல்லைகள் இங்கே உரசிக்கொண்டன. பெரிய அரசுகளின் பகை சிற்றூரில் மாடு பிடிக்கும் பூசலாக இறங்கியது.

இக்கற்களின் வாசகத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அரசனின் பெயரும் ஆட்சியாண்டும். அடுத்து வட்டாரத் தலைவன். பிறகு ஊரும் நிகழ்ச்சியும். கடைசியில் வீரனின் பெயரும் ‘பட்டான் கல்’ என்ற முடிவும். மந்தை இங்கே தொறு எனப்படுகிறது: தொறு கொண்டபோது பட்டான், தொறு மீட்டுப் பட்டான் என்று எழுதினார்கள். வீரர்கள் சேவகன் என்றும் இளமகன் என்றும் குறிக்கப்படுகிறார்கள். பல்லவர் நாட்டின் அரச ஆவணங்கள் கிரந்த எழுத்திலும் தமிழ் எழுத்திலும் இருக்க, இக்கற்கள் பெரும்பாலும் வட்டெழுத்தில் உள்ளன. மக்களிடையே வழங்கிய எழுத்தும் பேச்சுத் தமிழுக்கு நெருங்கிய நடையும் அவற்றில் பதிந்திருக்கின்றன. மகேந்திரவர்மன் ‘மயிந்திர பருமன்’ ஆகவும் சிம்மவிஷ்ணு ‘சிங்கவிண்ண பருமன்’ ஆகவும் அந்த நாவில் மாறியிருக்கிறார்கள்.

கால்நடைப் பூசலைத் தாண்டிய போர்களும் கற்களில் உண்டு. ஆம்பூரில் உள்ள இரு நடுகற்கள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. நுளம்பர் படை தொறு கொள்ள வந்தபோது எதிர்த்து மாண்டவர்களை அவை நினைவுகூர்கின்றன. ஊரைக் காக்கப் புலியோடு பொருதி இறந்தவனுக்குப் புலிகுத்திக்கல்லும், பயிரை அழித்த காட்டுப் பன்றியோடு பொருதியவனுக்குப் பன்றிகுத்திக்கல்லும் எடுத்தார்கள். கணவனோடு தீப்புகுந்த பெண்ணுக்குச் சதிக்கல் வைத்த வழக்கமும் பின்னாளில் பரவியது.

விலங்குகளுக்கும் கல்

உயிர் கொடுத்தவர் எவராயினும் நினைக்க வேண்டும் என்ற எண்ணம் விலங்குகளையும் சேர்த்துக்கொண்டது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் இருக்கிறது. காலம் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கால்நடைப் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற இளமகனுக்கு எடுத்த கல் அது. அவனுக்குப் பின்னால் ஒரு நாயின் உருவம் உண்டு. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதைத் தனி வாசகம் சொல்கிறது. அவனோடு நின்ற நாயின் பெயரும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அவன் பெயரோடு சேர்ந்தே இருக்கிறது.

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் முகையூர் மேற்சேரிக்காகப் போரிட்ட சேவலுக்கும், இந்தளூரில் கீழ்ச்சேரியின் சேவலுக்கும் கற்கள் உள்ளன. கர்நாடகத்தின் ஆதகூரில் உள்ள வீரகல்லு காளி என்ற வேட்டை நாய்க்கு உரியது. காட்டுப் பன்றியோடு போரிட்டு அது இறந்தது. அதே கல்லில் தமிழக வரலாற்றின் பெரிய நிகழ்ச்சி ஒன்றும் பதிவாகியிருக்கிறது: 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் கொல்லப்பட்ட செய்தி. பெங்களூரின் பெயர் எழுத்தில் முதன்முதலாகக் கிடைப்பதும் பேகூரில் உள்ள, சுமார் கி.பி. 890ஐச் சேர்ந்த வீரகல்லு ஒன்றில்தான். பெங்களூரில் நடந்த சண்டையில் இறந்தவனின் நினைவாக அது நடப்பட்டது. அரசர்கள் எழுதாமல் விட்ட செய்திகள் பலவற்றை வீரர்களின் கற்கள் காத்து வைத்திருக்கின்றன.

கல்லில் செதுக்கிய உருவம்

தமிழ் பிராமிக் காலத்துக் கற்களில் எழுத்து மட்டும் இருந்தது. பல்லவர் காலத்தில் வீரனின் உருவம் புடைப்பாகச் செதுக்கப்பட்டது. ஒரு கையில் வில், மறு கையில் வாள் அல்லது குறுவாள், முடிந்த கொண்டை, இடையில் இறுக்கிய ஆடை, பாயும் நிலையில் கால்கள் என்பது பொதுவான தோற்றம். மார்பிலும் தொடையிலும் அம்புகள் தைத்திருப்பதையும் பல கற்களில் காணலாம். காலடியில் கெண்டியும் சிமிழும் இருக்கும். மாட்டுப் பூசலில் இறந்தவனாயின் பின்னால் மாடுகள் நிற்கும். செதுக்கியவர்கள் பெரும்பாலும் ஊர்ப்புறக் கைவினைஞர்கள். கோயிற் சிற்பத்தின் நளினம் இவற்றில் இல்லை. பாயும் உடலின் வேகமும் துணிவும் உண்டு.

பின்னாளில் கல் அடுக்குகளாகப் பிரிந்தது. கன்னட நாட்டில் மிகுந்து காணப்படும் இந்த அமைப்பு கிருஷ்ணகிரிப் பகுதியிலும் பரவியது. கீழ் அடுக்கில் போர். நடுவில் தேவ மகளிர் வீரனை ஏந்திச் செல்லும் காட்சி. மேலே அவன் இலிங்கத்தை வழிபட்டு வீரசுவர்க்கத்தில் அமர்ந்திருக்கும் காட்சி. சோழர் ஆட்சி நிலைபெற்று, கோயில் ஊர் வாழ்வின் மையமான பிறகு எழுத்துடைய நடுகற்கள் குறைந்தன. விஜயநகர, நாயக்கர் காலங்களில் நடுகற்கள் தொடர்ந்து எடுக்கப்பட்டாலும் பலவற்றில் உருவம் மட்டுமே உண்டு. வீரன் யார் என்பதை அந்த ஊரின் வாய்வழிக் கதைதான் சொல்ல வேண்டும்; கதை மறந்தால் பெயரும் போயிற்று.

குடும்பத்துக்கு ஊர் செய்தது

நினைவு கல்லோடு முடியவில்லை. இறந்தவனின் குடும்பத்துக்கு ஊராரோ தலைவனோ நிலம் கொடுத்த செய்தியைப் பல கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. இக்கொடை உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி, இரத்தக்காணி என்றெல்லாம் அழைக்கப்பட்டது. சிந்திய குருதிக்கு ஈடாக ஊர் அளித்த நிலம் அது. உழைக்கும் வயதில் இருந்த ஒருவனை இழந்த வீட்டில் மனைவியும் குழந்தைகளும் முதியோரும் எஞ்சுவார்கள். கல்லில் பெயர் எழுதியதோடு கடமை தீர்ந்தது என்று ஊர் கருதாமல், அவர்களின் பிழைப்புக்கும் வழி செய்தது. நடுகல் மரபின் அறம் இந்த இரண்டும் சேர்ந்தது.

அரசர்களுக்கு எடுத்த நினைவிடங்கள் வேறு வகை. சோழ மரபில் இறந்த அரசர் மீது எழுப்பிய கோயில் பள்ளிப்படை எனப்பட்டது. முதலாம் ஆதித்தனுக்குக் காளத்தி அருகே தொண்டைமானாட்டிலும், அரிஞ்சயனுக்கு மேல்பாடியிலும், பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறைப் பகுதியிலும் பள்ளிப்படைகள் உள்ளன. அவை கருங்கல் தளிகள். பூசைக்கும் விளக்குக்கும் நிவந்தங்கள் பெற்றவை. நடுகல்லுக்கு அரச நிவந்தம் இல்லை. கோவலர் கட்டிய மாலையும் வீட்டுப் பெண்கள் இட்ட படையலுமே அதைக் காத்தன. அரசு மாறியபோது பல பள்ளிப்படைகளில் வழிபாடு நின்றுபோனது; நடுகற்கள் பல இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன.

தெய்வமாகிய வீரன்

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடுகற்கள் பலவும் வேடியப்பன் என்ற பெயரில் வணங்கப்படுகின்றன. ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் வயல் வரப்பிலும் கற்பலகைகளால் அமைத்த சிறு அறைக்குள் கல் நிற்கும். பொங்கலிடுதல், ஆடு கோழி பலியிடுதல், மண் குதிரை வைத்தல் முதலியவை நடைபெறும். மாட்டுக்கு நோய் வந்தால் வேடியப்பனுக்கு வேண்டிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. கல்லில் எழுதியிருக்கும் பெயர் வேறாக இருந்தாலும், மந்தையைக் காத்தவன் என்ற நினைவு வழிபாட்டில் தங்கியிருக்கிறது. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் முதற் குறளிலேயே, தன் தலைவனை எதிர்த்து நின்றவர்கள் பலர் இன்று கல்லாக நிற்பதை வீரன் ஒருவன் வாயால் சொல்கிறது. தமிழ்ச் சிந்தனையில் வீரனும் கல்லும் இவ்வளவு நெருக்கமானவை.

பெயரில்லாத நினைவுச் சின்னங்கள்

முதல் உலகப் போர் முடிந்ததும் ஆங்கில அரசு இந்திய ஊர்களில் சலவைக்கல் பலகைகளை நிறுவியது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும் போருக்குச் சென்றார்கள், இத்தனை பேர் உயிர் ஈந்தார்கள் என்று அவற்றில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. சென்னை மாகாணத்து ஊர்களிலும் இத்தகைய பலகைகள் உள்ளன. அவற்றில் எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. மெசபொட்டேமியாவில் இறந்தவர்களுக்காக 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவகத்தில் ஆங்கிலேய வீரர்கள் அனைவரின் பெயரும் பொறிக்கப்பட்டது. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர் மட்டும் இடம்பெற்று, சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையில் அடக்கப்பட்டார்கள். மதராஸ் சாப்பர்ஸ் உள்ளிட்ட தென்னிந்தியப் படைப்பிரிவினரும் மெசபொட்டேமியப் போரில் ஈடுபட்டிருந்தனர். இந்தப் பாகுபாட்டை அந்த நினைவகங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பிரான்ஸின் நவ் ஷப்பேல் நினைவகத்திலும் தில்லி இந்தியா கேட்டிலும் இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன என்பதும் உண்மை.

இவற்றோடு ஒப்பிடும்போது நடுகல் மரபின் சிறப்பு விளங்கும். எழுத்தறிந்தவர் மிகச் சிலராக இருந்த காலத்தில், ஊர்ப்புறத்துக் கல்தச்சன் ஒருவன் தீயன் அந்தவனுக்கும் கருந்தேவக்கத்திக்கும் பெயர் எழுதினான். அச்சும் ஆவணமும் பெருகிய காலத்தில், உலகப் பேரரசு ஒன்று அந்த ஊர்களின் பேரப்பிள்ளைகளை எண்ணிக்கையாக்கியது. பெயரைக் காப்பது வசதியைப் பொறுத்ததன்று. இறந்தவனை மதிப்பதைப் பொறுத்தது.

இன்றைய நிலை

தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் பல நடுகற்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. தொல்லியல் துறையும் பல்கலைக்கழகங்களும் ஊர்ப்புற ஆர்வலர்களும் ஆசிரியர்களும் புதிய கற்களைத் தொடர்ந்து அறிவித்து வருகிறார்கள். ஆயினும் வழிபாட்டிலோ அருங்காட்சியகத்திலோ இல்லாத கற்கள் ஆபத்தில் உள்ளன. சாலை விரிவாக்கம், ஏரிக்கரைப் பணிகள், கல்லுடைப்பு, வயல் திருத்தம் ஆகியவற்றில் அவை புதைகின்றன அல்லது உடைகின்றன. துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் மாறியவை உண்டு. வழிபடும் இடங்களில்கூடப் பக்தியோடு பூசும் எனாமல் வண்ணமும் சிமென்டும் எழுத்துகளை மூடிவிடுகின்றன.

நடுகல்லைக் காப்பதற்கு முதல் தேவை அதை எழுதிவைப்பது. கல் நிற்கும் இடம், திசை, அளவு, உருவம், எழுத்து ஆகியவற்றோடு, அதைப் பற்றி ஊரார் சொல்லும் கதையும் வழிபடும் குடும்பங்களும் பதிவாக வேண்டும். மைப்படி எடுப்பதற்கு முன் கல்லைத் தேய்த்தோ வேதிப்பொருள் ஊற்றியோ தூய்மை செய்தால் ஆழம் குறைந்த எழுத்துகள் அழிந்துவிடும். அதைப் பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும். வழிபாட்டில் உள்ள கல்லை ஊராரின் ஒப்புதலின்றி இடம் மாற்றக்கூடாது. அந்தக் கல்லை இத்தனை நூற்றாண்டு காத்தவர்கள் அவர்களே. கல்லில் இருப்பது இன்னாருடைய பெயர், அவன் இன்ன ஊருக்காக, இன்ன நாளில் உயிர் கொடுத்தான் என்பதை ஊராருக்கு வாசித்துச் சொல்வது வலுவான பாதுகாப்பு. தங்கள் வேடியப்பன் வாழ்ந்து மறைந்த ஓர் இளைஞன் என்று அறிந்த ஊர் அவன் கல்லை உடைய விடாது.